தப்பி ஓட இடம் கொடாத விதி

மெல்பேர்ணில் ஃபுட்டி என்னும் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தின் விதிகள் மாறாமல் கழிந்த ஆண்டு என்று ஒன்று என் ஞாபகத்தில் இல்லை. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமையில் இறுதிப் போட்டி முடியும். வென்ற கழகத்தின் ஆட்கள் கொண்டாடிக் களைப்பதற்குள் அடுத்த பருவத்துக்கான திருத்தங்களைப் பற்றிய பேச்சு பத்திரிகைகளில் தொடங்கிவிடும். 2026 பருவத்துக்கு வந்த திருத்தங்களில் ஒன்று பழைய ரசிகர்கள் பலரின் வயிற்றைக் கலக்கியது. ஆட்டம் தொடங்கும்போதும் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் மைதானத்தின் நடுவில் நடுவர் பந்தை நிலத்தில் ஓங்கி அறைந்து எழுப்புவார். இரண்டு நெட்டையர்கள் அதற்காகத் துள்ளி மோதுவார்கள். நூறாண்டுக்கும் மேலான அந்த வழக்கம் போய்விட்டது. இப்போது நடுவர் பந்தை மேலே எறிகிறார், அவ்வளவுதான்.

இப்படி ஒவ்வொரு திருத்தம் வரும்போதும் தொழிற்சாலை உணவறையிலும் ரயிலிலும் நான் கேட்டு வந்த வாதம் ஒன்றுதான். ஒரு கட்சி, ஆட்டம் அலுப்புத் தட்டுகிறது, கோல்கள் போதாது, மாற்றத்தான் வேண்டும் என்னும். மறு கட்சி, நோண்டி நோண்டியே ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்னும். இரண்டு கட்சியிலும் நான் மாறி மாறி இருந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். மைதானமும் முட்டை வடிவம், பந்தும் முட்டை வடிவம். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் கோல், ஆறு புள்ளி. பக்கத்துக் கம்பங்களுக்குள் போனால் 'பிஹைண்ட்', ஒரு புள்ளி. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், ஆனால் பதினைந்து மீற்றருக்கு ஒருமுறை நிலத்தில் தொடவேண்டும். எறியக் கூடாது, உதைக்கவேண்டும், அல்லது ஒரு கையில் வைத்து மறு கை முட்டியால் குத்தி அனுப்பவேண்டும். உதைத்து வரும் பந்தை அந்தரத்தில் பிடித்தால் அது 'மார்க்'. பிடித்தவர் நிதானமாக நின்று உதைக்கலாம். 1859 இல் மெல்பேர்ண் கழகத்தார் சிலர் கூடிப் பத்தே பத்து விதிகளை எழுதியபோது, 'ஓப்சைட்' என்ற ஒன்றை அதில் சேர்க்கவில்லை. இன்றுவரை அது இல்லை. யாரும் எங்கும் நிற்கலாம். இந்த ஆட்டத்தின் அழகுக்கும் அதன் தீராத தலைவலிக்கும் அதுவே காரணம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் இங்கே வந்தேன். யாழ்ப்பாணத்தில் உதைபந்தும் கிரிக்கெட்டும் பார்த்து வளர்ந்தவனுக்கு இது என்ன விளையாட்டென்றே பிடிபடவில்லை. டண்டினோங் பக்கத்தில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அவுஸ்திரேலியர் இருந்தார். ஹோத்தோர்ன் கழகத்தின் ஆள். "நீ எந்தக் கழகம்?" என்று கேட்டார். எதுவுமில்லை என்றேன். மதம் இல்லாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, அடுத்த சனிக்கிழமையே தன் காரில் ஏற்றி வேவர்லி பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

வேவர்லி இன்று போட்டி மைதானமாக இல்லை. 1999 உடன் அங்கே ஏ.எஃப்.எல். என்னும் தலைமைப் போட்டியின் ஆட்டங்கள் நின்றுவிட்டன. நகருக்கு வெளியே, மேட்டுநிலத்தில், பனிக்கால மழையும் காற்றும் நேராக முகத்தில் அறையும் இடம். அவர் இறைச்சி அடைத்த 'பை' பலகாரம் ஒன்றை வாங்கிக் கையில் தந்தார். தக்காளி சோஸ் தனியே சிறிய பிளாஸ்டிக் பெட்டியில் வந்தது. அதை இரு விரலால் நடுவில் மடித்து அமுக்கினால் பீய்ச்சிக்கொண்டு வரும். முதல் அமுக்கில் பாதி என் சட்டையில்.

அன்று ஹோத்தோர்னின் முன்வரிசையில் நின்றவர் ஜேசன் டன்ஸ்டல். பார்த்தால் ஓட்டக்காரர் மாதிரியே இல்லை, கட்டுமஸ்தான உடம்பு. தன்னைக் காவல் காக்கும் ஒற்றை ஆளோடு கோல் முன்னால் சும்மா நிற்பார். நடுவில் தன் அணிக்காரரின் கையில் பந்து விழுந்த கணமே, காவலனை ஒரு அடி பின்னால் விட்டு நேரே பந்தை நோக்கிப் பாய்வார். பந்து நெஞ்சில் வந்து ஒட்டும். பின்னால் நடந்து போவார், காலுறையை இழுத்து விடுவார், உதைப்பார். கோல் நடுவர் இரண்டு கொடிகளையும் வீசுவார். 1992 பருவத்தில் மட்டும் அவர் அடித்த கோல்கள் 145. அவரைச் சுற்றி அவ்வளவு வெளி கிடந்தது. இரண்டு மனிதர், ஒரு பந்து, ஒரு பரந்த பச்சை வெளி. அதைப் பார்த்துத்தான் நான் ஹோத்தோர்ன் ஆளானேன்.

அரை நேரத்தில் அந்தப் பெரியவர் பழைய கதைகளைச் சொல்லுவார். அவருக்கு விதி மாற்றம் என்றாலே வேப்பங்காய். ஆனால் அவரே சொன்ன கதைகள் அவர் கட்சிக்கு எதிராகப் போயின. 1969 வரைக்கும் நெருக்கடியில் மாட்டிய காவல்காரர், பந்தை ஓங்கி உதைத்துக் கோட்டுக்கு வெளியே கூட்டத்துக்குள் அனுப்பிவிடுவாராம். பெரும்பாலும் தண்டனை இல்லை, எல்லை நடுவர் மறுபடி உள்ளே எறிவார், எல்லோரும் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். 1969 இல், நிலத்தில் படாமல் பந்தை வெளியே உதைத்தால் எதிரணிக்கு இலவச உதை என்று விதி வந்தது. உடனே புள்ளிகள் ஏறின. அந்தப் பருவம் தொடங்கிய இரண்டாம் வாரமே கார்ல்டன் 30 கோல், 30 பிஹைண்ட், ஆக 210 புள்ளிகள் குவித்தது. அந்தப் போட்டித் தொடரின் வரலாற்றில் ஓர் அணி இருநூறைத் தாண்டியது அதுவே முதல் தடவை. யாருக்கு எதிராக? ஹோத்தோர்னுக்கு எதிராக. "முதல் பலி நாங்கள்தான்" என்று சொல்லிவிட்டு, "ஆனாலும் நல்ல விதி" என்று முணுமுணுத்தார்.

அவர் சொன்ன இன்னொரு கதை 1970 இறுதிப் போட்டி. மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில் 1,21,696 பேர். அந்த எண்ணிக்கையை இன்றுவரை எந்த ஃபுட்டி ஆட்டமும் தொடவில்லை. அரை நேரத்தில் கொலிங்வுட்டை விட 44 புள்ளிகள் பின்னால் கிடந்தது கார்ல்டன். பயிற்சியாளர் ரான் பராசி, உதைப்பதை விட்டுக் கையால் குத்திக் குத்திக் கொடுத்து ஓடுங்கள் என்றார். கார்ல்டன் பத்துப் புள்ளிகளால் வென்றது. ஒரு விதியும் மாறவில்லை. அரை மணிக்குள் ஆட்டம் மாறியது. பிறகு 1973 இல், நடுவில் பந்து எழுப்பப்படும்போது ஓர் அணிக்கு நால்வர்தான் உள்ளே நிற்கலாம் என்று கோடு போட்டார்கள். அது முதலில் சாய்சதுரமாக இருந்து, 1975 இல் சதுரமானது. இந்தக் கதைகளைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம்: ஆட்டத்தை ருசியாக்குவது விதி எழுதுகிறவரா, விளையாடுகிறவரா?

அந்தச் சந்தேகத்தைப் பயிற்சியாளர்கள் வளர்த்துவிட்டார்கள். 2000 ஆம் ஆண்டில் எசெண்டன் தொடர்ந்து இருபது ஆட்டம் வென்று யாராலும் அசைக்க முடியாமல் இருந்தது. இருபத்தோராம் வாரம் வெஸ்டர்ன் புல்டோக்ஸின் பயிற்சியாளர் டெரி வாலஸ், தன் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகப் பின்வாங்கச் செய்து, எசெண்டன் கோல் அடிக்கும் பக்கத்தை ஆட்களால் நிரப்பினார். எசெண்டன் தோற்றது, அந்தப் பருவத்தில் அவர்கள் தோற்ற ஒரே ஆட்டம். இந்த உத்திக்கு வெள்ளம் என்றே பெயர் வைத்தார்கள். ஓப்சைட் இல்லாத ஆட்டத்தில் இதைத் தடுக்க விதியில் ஒரு வரியும் கிடையாது. டன்ஸ்டல் நின்ற வெளியில் அதற்குப் பிறகு ஆறேழு பேர் நிற்கத் தொடங்கினார்கள். பருவத்தில் நூறு கோல் என்பது அபூர்வமானது. 2008 இல் எங்கள் லான்ஸ் ஃபிராங்க்ளின் நூறைத் தொட்டபோது கூட்டம் வேலி தாண்டி மைதானத்துக்குள் ஓடியது. அவருக்குப் பிறகு ஒருவரும் தொடவில்லை.

2005 இல் நடந்ததைத்தான் நான் எந்த வாதத்திலும் முதலில் எடுத்துப் போடுவேன். சிட்னி ஸ்வான்ஸ் அந்தப் பருவத்தில் இறுக்கி, நெரித்து, எதிராளியை ஆடவிடாமல் வெல்லுகிற அணி. ஏ.எஃப்.எல்.லின் தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ டெமெட்ரியூ அவர்கள் ஆடும் விதம் தனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அதே ஸ்வான்ஸ் இறுதிப் போட்டிக்கு வந்தது. எங்கள் வீட்டில் தமிழ் நண்பர்கள் சிலர் கூடிப் பார்த்தோம். கொழும்பிலிருந்து புதிதாக வந்த ஒருவர் கட்லெட்டைக் கடித்தபடி, "என்ன மச்சான், ஒருத்தனும் கோல் அடிக்கிறானில்லை, சும்மா கட்டிப் புரளுறாங்கள். இதுக்கோ ஒரு லட்சம் சனம்?" என்றார்.

உண்மைதான். இரண்டு அணியும் சேர்ந்து பதினைந்து கோல். ஆனால் கடைசிக் கால்மணியில் அவர் கட்லெட்டை மறந்துவிட்டார். ஸ்வான்ஸ் 58, வெஸ்ட் கோஸ்ட் 54. சில நொடிகளே மிச்சம். வெஸ்ட் கோஸ்ட் கடைசி முயற்சியாகப் பந்தை ஸ்வான்ஸின் கோல் முன்னால் ஆட்கள் குவிந்த இடத்துக்கு உயர உதைத்தது. அந்தக் குவியலுக்கு மேலே லியோ பாரி எழுந்தார். பந்து அவர் கையில் ஒட்டியது. சங்கு ஊதியது. எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கழகத்துக்குக் கிண்ணம். கொழும்பு நண்பர் கதிரையை விட்டு எழுந்து நின்றார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. அவர் இன்று ஸ்வான்ஸ் அங்கத்தவர். கோல் குறைந்தால் ருசி குறையும் என்று யாராவது சொன்னால் அவரிடம்தான் அனுப்புவேன்.

ஆனால் 2008 இறுதிப் போட்டி, மாற்றம் வேண்டும் என்னும் கட்சிக்குச் சாட்சி. எங்கள் ஹோத்தோர்ன் ஜீலோங்கைச் சந்தித்தது. ஜீலோங் அந்த முறை பலமான அணி, இறுதிக்கு முன் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றிருந்தது. எங்கள் காவல்காரர்கள் நெருக்கடி வந்தபோதெல்லாம் பந்தைத் தங்கள் பக்கத்துக் கோட்டுக்குப் பின்னால் தாங்களே தட்டிவிட்டார்கள். எதிரணிக்கு ஒரு புள்ளி போகும். ஆனால் பந்து எங்களுக்கு வரும், நிதானமாக உதைத்து வெளியேறலாம். பதினொரு தடவை அப்படிச் செய்தார்கள். ஜீலோங் 23 பிஹைண்டோடு 89 இல் நின்றது, நாங்கள் 115. நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். வேவர்லிப் பெரியவரை அன்றிரவு தொலைபேசியில் அழைத்தேன். ஓய்வுபெற்று, முழங்கால் வலியோடு இருந்தார். மகிழ்ச்சியாகப் பேசிவிட்டு, "கிண்ணம் கிண்ணம்தான். ஆனால் அந்தத் தட்டிவிடுகிற வேலை ஆட்டம் இல்லை. அடுத்த வருசம் நிறுத்துவார்கள் பார்" என்றார். நிறுத்தினார்கள். 2009 இலிருந்து வேண்டுமென்றே அப்படித் தட்டினால் கோல் முன்னாலேயே எதிரணிக்கு இலவச உதை. எங்கள் கழகத்தால் வந்த விதிதான். ஆனாலும் நல்ல விதி.

இதற்கிடையில் என் மகன் சிறுவர் அணியில் விளையாடினான். ஞாயிறு காலையில் புல்லெல்லாம் பனி ஈரம். பெற்றோரில் ஒருவர் கோல் நடுவராக நிற்கவேண்டும். பெரும்பாலும் அது என் தலையில் விழும். கொடிகள் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பத்தடியில் விறைத்துக்கொண்டு நிற்பேன். சின்னப் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டால் பந்து விழுந்த இடத்தில் சீனியில் எறும்பு மொய்க்கிற மாதிரி எல்லோரும் மொய்த்துவிடுவார்கள். அதற்காக மைதானத்தை மூன்று வலயங்களாகப் பிரித்து, பிள்ளைகளின் மணிக்கட்டில் நிறப்பட்டி கட்டிவிடுவார்கள். நீலப்பட்டிக்காரன் முன்வலயத்தைத் தாண்டக் கூடாது. சிவப்புப்பட்டிக்காரன் பின்வலயத்தை விட்டு வரக் கூடாது.

அந்த அணியில் மிகவும் கூச்ச சுபாவமான ஒரு பையன் இருந்தான். மொய்க்கிற கூட்டத்துக்குள் அவன் ஒருநாளும் போகமாட்டான். வலயம் பிரித்த நாளில் அவன் முன்வலயத்தில் தனியே நின்றான். பந்து உருண்டு அவன் காலடிக்கு வந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. எடுத்தான், என்னைப் பார்த்தான், உதைத்தான். நான் இரண்டு கொடிகளையும் வீசினேன். இடைவேளையில் தோடம்பழத் துண்டும் ஜெலிப் பாம்பும் தின்னும்போதும் அவன் பார்வை கம்பத்திலேயே இருந்தது. வெளி கிடைத்தால் ஆட்கள் துணிவார்கள் என்பதை நான் அங்கேதான் நேரே பார்த்தேன். ஆனால் சில வாரங்களில் எதிரணிப் பயிற்சியாளர் ஒருவர் தன் கெட்டிக்காரப் பிள்ளைகளை வலயக் கோட்டின் விளிம்பிலேயே நிறுத்தப் பழகிவிட்டார். எட்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்திலேயே இப்படி.

2019 இல் ஏ.எஃப்.எல். கிட்டத்தட்ட அந்த நிறப்பட்டியைப் பெரியவர்களுக்குக் கட்டியது. நடுவில் பந்து எழும்பும்போது ஒவ்வோர் அணியும் முன்னால் ஆறு, நடுவில் ஆறு, பின்னால் ஆறு என்று நிற்கவேண்டும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எங்கள் தமிழ் ஆட்களுக்கு இது புதிதல்ல. கிரிக்கெட்டில் களத்தடுப்பு வட்டம் இந்த நாட்டில்தான் 1980-81 பருவத்தில் வந்தது. அதற்கு முன் கெரி பேக்கர் இரவு வெளிச்சத்தில் கிரிக்கெட் நடத்திக் காட்டியதும் இதே வேவர்லியில்தான். 1992 உலகக் கிண்ணத்தில் முதல் பதினைந்து ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே இருவர்தான் நிற்கலாம் என்று விதி இருந்தது. அந்த வெளி நான்கு ஆண்டுகள் முழுதாகப் பயன்படாமல் கிடந்தது. இலங்கையின் ஜயசூரியவும் கலுவிதாரணவும் 1996 இல் வந்துதான் அதை முழுதாகப் பயன்படுத்தினார்கள்.

ஃபுட்டியில் அப்படி நடக்கவில்லை. 2019 இல் சராசரிப் புள்ளிகள் முந்திய ஆண்டைவிடக் குறைந்து, ஓர் அணிக்கு எண்பதை ஒட்டி நின்றன. 1982 இல் நூற்றுப் பத்தைத் தாண்டியிருந்த சராசரி அது. பந்து எழும்பிய சில நொடிகளில் எல்லோரும் மறுபடி பின்னால் ஓடிவிடலாம், பிறகு விதி அவர்களைத் தொடாது. 2021 இல் இன்னொன்று: மார்க் பிடித்தவருக்கு முன்னால் நிற்பவர் பக்கவாட்டில் அசையக் கூடாது, அசைந்தால் ஐம்பது மீற்றர் தண்டம். நடுவர் "ஸ்டாண்ட்" என்று கத்தினால் கால் வேரோட வேண்டும். மாற்று வீரர்களை மாற்றும் எண்ணிக்கையை 2014 இல் 120, 2016 இல் 90, 2021 இல் 75 என்று குறைத்தார்கள். களைத்தால் ஓடிவந்து அடைக்கமாட்டார்கள், வெளி தானே திறக்கும் என்ற கணக்கு. ஆட்டம் கொஞ்சம் இளகியது என்பதை மறுக்கமாட்டேன். பழைய வெளி திரும்பவில்லை.

வேடிக்கைக்கென்றே செய்த மாற்றங்களின் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 2003 இலிருந்து பருவத்துக்கு முந்திய போட்டிகளில் தூரத்திலிருந்து அடித்த கோலுக்கு ஒன்பது புள்ளி கொடுத்தார்கள். 2018 இல் ஏ.எஃப்.எல்.எக்ஸ். என்று நீள்சதுர மைதானத்தில் ஏழு பேர் ஆடும் குறு ஆட்டம் கொண்டுவந்தார்கள். அதில் சில கோலுக்குப் பத்துப் புள்ளி. கோல்கள் மழையாகப் பெய்தன. வீட்டில் இருந்த பிள்ளைகள் கைத்தொலைபேசியை விட்டுத் தலை நிமிரவில்லை. இரண்டு ஆண்டில் கடையைக் கட்டினார்கள்.

கடைசியாக இரண்டு இறுதிப் போட்டிகளை அருகருகே வைக்கிறேன். 2023 இல் கொலிங்வுட் 90, பிரிஸ்பேன் 86. பிரிஸ்பேன் ஒரு கோல் கூடுதலாக அடித்தும் தோற்றது. கடைசிச் சங்குவரை எங்கள் தெருவே மூச்சுவிடவில்லை. 2024 இல் பிரிஸ்பேன் 120, சிட்னி 60. கோல்கள் நிறைய, ஆட்டம் வேகம், விதிகளும் பெரும்பாலும் அதே விதிகள். மூன்றாம் காலாட்டத்தில் எங்கள் வீட்டில் தேநீர் போடப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

விதியால் ஆட்டத்தை ருசியாக்க முடியுமா என்று கேட்டால், என் தீர்ப்பு இது. விதியால் நெருக்கமான போட்டியை உண்டாக்க முடியாது. கோலுக்கு விலை கூட்டியும் முடியாது. தப்பி ஓடுகிற வழியை அடைக்க மட்டும் முடியும். 1969 இன் விதியும் 2009 இன் விதியும் அதைச் செய்தன, அதனால் நிலைத்தன. 2026 இல், கோல்களிலிருந்து ஐம்பது மீற்றரில் வரைந்த இரண்டு வளைவுகளுக்கும் இடையே கடைசியாக உதைத்தோ குத்தியோ பந்தை வெளியே அனுப்பிய அணிக்கு எதிராக இலவச உதை என்று வந்திருக்கிறது. தென் அவுஸ்திரேலியப் போட்டியிலும் பெண்கள் போட்டியிலும் ஏற்கெனவே பழகிய விதி; ஓடி ஒளிய இடம் கொடாத வகையைச் சேர்ந்தது. இது நிலைக்கும் என்றே நினைக்கிறேன். விதி எழுதுகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒரு விதியை மாற்றுங்கள், மாற்றியதை மூன்று பருவமாவது தொடாமல் விடுங்கள். மிச்சத்தை ஆடுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.